வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம், மைச்செலவை எப்படிக் குறைக்கலாம்?

பொதிகையடி, அம்பாசமுத்திரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதிரி வினாத்தாள், செயல்திட்டப் படங்கள், பட்டா நகல், வில்லங்கச் சான்று, ரயில் டிக்கெட் என்று மாதத்துக்கு 60 முதல் 80 பக்கம் வரை அச்செடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதி வண்ணப் பக்கங்கள். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் எங்களுக்குத் தெரியவரும். அந்நேரத்தில் எங்கள் பகுதியில் ஜெராக்ஸ் கடை எதுவும் திறந்திருப்பதில்லை. இதுவரை இருந்த, கார்ட்ரிட்ஜ் என்ற மைப்பெட்டியை மாற்றிப் போடும் பிரிண்டர், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஒரு வரியைக்கூடத் தெளிவாக அச்சிடவில்லை.

குப்பியிலிருந்து தொட்டியில் மை ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டரை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். மைக்குப் பதில் தூளால் அச்சிடும் லேசர்தான் நிலைக்கும் என்கிறார் என் மைத்துனர். எங்கள் ஊர் வெயிலையும் மின்தடையையும் கணக்கில் கொண்டு, விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ரதவீதிக் கணக்கர், திருநெல்வேலி டவுன்

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். விலைகள் கடைக்குக் கடை மாறும் என்பதால், கீழே உள்ளவற்றைக் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட விலைகளாகவே கொள்ளுங்கள்.

வீடுகளில் அதிகம் புழங்கும் ஹெச்பி 682 வகையில் கறுப்பு கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் என்றும், மூவண்ண கார்ட்ரிட்ஜ் 150 பக்கம் என்றும் நிறுவனம் குறிப்பிடுகிறது. கறுப்புக்கு 900 ரூபாய், வண்ணத்துக்கு 1,000 ரூபாய் என்று கொண்டால், கறுப்புப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 90 காசும், வண்ணப் பக்கம் ஒன்றுக்கு 6 ரூபாய் 70 காசும் மைக்கே போகிறது. எப்சன் 003 மைக்குப்பியில் கறுப்பு 65 மில்லிலிட்டருக்கு 4,500 பக்கம். மூன்று வண்ணக் குப்பிகளும் சேர்ந்து 7,500 பக்கம். குப்பி ஒன்று 400 ரூபாய் என்றால் கறுப்புப் பக்கத்துக்கு 9 காசு, வண்ணப் பக்கத்துக்குக் கறுப்பையும் சேர்த்து 25 காசு.

இந்த வேறுபாட்டைக் கண்டதும் பலர் உடனே இங்க் டேங்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பிரிண்டரின் விலையிலேயே ஏறத்தாழ 9,000 ரூபாய் கூடுதலாகப் போகிறதே, அது எப்போது திரும்பி வரும் என்பதையும் பார்க்க வேண்டும். மாதம் 70 பக்கம் என்றால் ஆண்டுக்கு 840 பக்கம். அத்தனையும் கறுப்பாக இருந்தால், ஆண்டுக்கு மிச்சமாவது 1,500 ரூபாய்தான்; போட்ட பணத்தை எடுக்க ஆறு ஆண்டுகள் ஆகும். பாதி வண்ணமாக இருந்தால் ஆண்டுக்கு 3,500 ரூபாய் மிச்சமாகி, இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஈடாகிவிடும். ஆகவே, அண்ணாச்சி, உங்கள் வீட்டில் இங்க் டேங்க் கட்டுப்படியாகிறதென்றால் அதற்குக் காரணம் அந்த வண்ணப் பக்கங்கள்தான். அவை உண்மையிலேயே வேண்டுமா என்பதை வீட்டில் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடையையும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் தெருவில் கறுப்புப் பக்கம் 3 ரூபாய். 70 பக்கமும் கறுப்பானால் மாதம் 210 ரூபாய் என்பது சொந்த பிரிண்டரின் விலை, தாள், பழுது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அதிகமே இல்லை. உங்களுக்கு இரவில் கடை இல்லை என்பதால்தான் சொந்த பிரிண்டர் அவசியமாகிறது.

சமாதானபுரத்து ஆசிரியை, பாளையங்கோட்டை

கணக்கர் ஐயாவின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் கறுப்பு மட்டும் அச்சிடும் லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வண்ணப் பக்கங்களை வாரம் ஒருமுறை கடையில் எடுத்துக்கொள்வதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. லேசரில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் என்பது தூள். அது உலர்ந்துபோக வழியில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தொடாமல் வைத்துவிட்டு ஜூன் மாதம் பொத்தானை அழுத்தினால், முதல் பக்கமே தெளிவாக வரும். பொதிகையடி தம்பிக்கு நேர்ந்த தொல்லை லேசரில் நேராது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைமீறியபோது, எங்கள் உறவினர் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்துவிட்டது. லேசரில் எடுத்த நகல்களைப் பிரித்துக் கொடியில் உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள். எழுத்து சிறிதும் கலங்கவில்லை. சாய மையில் எடுத்த நகல்கள் நீலமும் சிவப்புமாகக் கரைந்து, ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய ஆவண நகல்களை எந்த மையில் எடுக்கிறோம் என்பதை மக்கள் யோசிப்பதே இல்லை.

செயல்திட்டத்துக்கு வண்ணப் படம் அச்சிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று எங்கள் பாடத்திட்டம் எங்கும் வற்புறுத்தவில்லை. பிள்ளை தன் கையால் வரைந்த படத்துக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். மற்ற ஆசிரியர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பெற்றோர் கூட்டத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

பழுதுநீக்குநர், வண்ணார்பேட்டை

பிரிண்டர் பழுது பார்ப்பதே எனக்குத் தொழில். என்னிடம் வரும் வீட்டு இங்க்ஜெட்களில், அதாவது மை துப்பி அச்சிடும் பிரிண்டர்களில், பெரும்பாலானவை அதிகமாக அச்சிட்டுக் கெட்டவை அல்ல. அச்சிடாமலே கிடந்து அடைத்துக்கொண்டவை. எனவே வாங்க வருபவரிடம் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன், இரண்டு அச்சுகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி விழும் என்றுதான் நான் கேட்பேன். வாரத்துக்கு இருபது பக்கம் அச்சிடுபவருக்கு இங்க் டேங்க் நன்றாக உழைக்கும். ஒரே நாளில் இருநூறு பக்கம் எடுத்துவிட்டு இரண்டு மாதம் மூடி வைப்பவருக்கு, மொத்தப் பக்கம் கூடுதலாக இருந்தாலும், அது சரிப்படாது.

காரணம் எளிது. மையைத் துப்பும் ஹெட்டில் உள்ள துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் அமர்ந்துகொள்ளும். அந்த மூடிதான் மையைக் காயவிடாமல் காக்கிறது. பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால், ஹெட் அந்த இடத்தில் சரியாக அமர்ந்த பிறகே இயந்திரம் நிற்கும். நம் வீடுகளில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. அச்சு நடுவில் இருக்கும்போது அப்படி அணைத்தாலோ மின்சாரம் போனாலோ, ஹெட் பாதியில் திறந்தபடி நின்றுவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் அப்படி ஓரிரு நாள் நின்றாலே மை இறுகத் தொடங்கிவிடும். மின்சாரம் வந்தவுடன் ஒருமுறை இயக்கி, பொத்தானால் முறையாக அணைத்துவிட்டால் போதும்.

அடைத்துக்கொண்டால் பலரும் செய்வது, ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. ஒவ்வொரு முறையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவுமைப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாக பிரிண்டரின் கணக்கு காட்டினால் இயந்திரம் வேலை செய்ய மறுத்துவிடும். கேனன் ஜி வரிசையில் வரும் 5பி00 என்ற பிழை எண் இதைத்தான் சொல்கிறது. முதலில், துளைகள் அடைத்துள்ளனவா என்று காட்டும் நாசில் செக் என்ற சோதனை அச்சை எடுத்துப் பாருங்கள். கோடுகள் விட்டிருந்தால் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கிளீனிங் செய்யுங்கள். பின்பு சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி நாசில் செக் எடுங்கள். ஊறிய மை தானாகவே இளகி வழிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கழிவுமைப் பெட்டியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வந்துள்ள புதிய மாடல்களைத் தேடி வாங்குவது நல்லது.

வாங்கும்போது கடைக்காரர்கள் சொல்லாத இன்னொரு வேறுபாடு ஹெட்டில் இருக்கிறது. ஹெச்பி, கேனன் ஆகியவற்றில் மையை நொடிப்பொழுதில் சூடாக்கிக் குமிழி எழுப்பி, அந்தக் குமிழியின் அழுத்தத்தால் மை துப்பப்படுகிறது. எப்சன், பிரதர் ஆகியவற்றில் பீசோ படிகம் மின்னழுத்தத்தால் வளைந்து மையைத் தள்ளுகிறது. சூடாக்கும் ஹெட், மை இல்லாமல் ஓடினால் கருகிவிடும். ஆனால் ஹெச்பி, கேனன் இங்க் டேங்க்களில் அந்த ஹெட்டை நாமே கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பீசோ ஹெட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கெட்டுப்போனால் சர்வீஸ் ஆள்தான் மாற்ற வேண்டும், செலவும் பெரிது. ஒழுங்காக வாரந்தோறும் அச்சிடுபவருக்கு இரண்டாவது வகையையும், அவ்வப்போது மறந்துவிடக்கூடிய வீட்டுக்கு முதல் வகையையும் நான் சொல்வேன்.

அபிஷேகப்பட்டி ஆய்வாளர்

பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டு வரைவுகளை அடிக்கடி அச்செடுப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நிறுவனங்கள் சொல்லும் 4,500, 7,500 போன்ற எண்ணிக்கைகள் ஐஎஸ்ஓ/ஐஇசி 24712 என்ற தர வரையறையின் மாதிரிப் பக்கங்களை ஒட்டியவை. நடைமுறையில், தாளின் பரப்பில் 5 விழுக்காடு கறுப்பு மை படியும் ஒரு கடிதப் பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்தை நிறைக்கும் வண்ணப் படத்தை அச்சிட்டால் மை பத்து மடங்குக்கு மேல் செலவாகும். எனவே ஒரு செயல்திட்டப் படத்துக்கு ஆகும் மையில் பத்துப் பதினைந்து வினாத்தாள்களை எடுத்துவிடலாம். முதல் குப்பியில் ஒரு பகுதி, குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும் என்பதால், பெட்டியுடன் வரும் மை சொன்ன அளவுக்கு வரவில்லை என்று வருந்த வேண்டாம்.

டீச்சர் குறிப்பிட்ட நனைந்த ஆவணங்களைப் பற்றி ஒரு விளக்கம். எல்லா இங்க்ஜெட் மையும் கரைவதில்லை. மையில் சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை உண்டு. எப்சன் 003 குப்பியின் கறுப்பு சாய மை, நீர்பட்டால் பரவும். கேனன் ஜிஐ-790 கறுப்பும், ஹெச்பி ஜிடி53 கறுப்பும், எப்சன் 001 கறுப்பும் நிறமி மைகள். நுண்துகள்கள் தாளின்மேல் தங்குவதால் உலர்ந்தபின் நீருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். பத்திர நகல் எடுக்கும் வீட்டில் நிறமிக் கறுப்பு உள்ள பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிடும். ஒரு வகைத் தொட்டியில் மற்ற வகை மையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக்கூடாது.

அச்சிடும் அமைப்புகளிலும் மிச்சம் இருக்கிறது. கறுப்புப் பக்கம் எடுக்கும்போது, வண்ணமின்றி அச்சிடும் கிரேஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாள் வகையில் போட்டோ தாள் என்று இருந்தால், பல பிரிண்டர்கள் மூன்று வண்ணங்களையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். திருத்தம் பார்க்க எடுப்பவற்றுக்கு, மை குறைவாகச் செலவாகும் டிராஃப்ட் அமைப்பு போதும். தமிழ் எழுத்துருவிலும் கவனம் வேண்டும். அதே அளவு எண்ணில் லதா என்ற எழுத்துரு பெரிதாகவும் அழுத்தமாகவும் விழும். விஜயா என்ற எழுத்துரு சிறியதாகவும் மெல்லியதாகவும் விழும். என் வரைவுகளை விஜயாவில் மாற்றி அமைத்தபோது மையும் குறைந்தது, அதைவிடப் பக்க எண்ணிக்கையே குறைந்தது. பெரியவர்கள் படிப்பதற்கு மட்டும் ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளலாம்.

பாடநூல் பக்கங்களை அச்சிடும் பெற்றோர், வண்ணப் பின்னணியோடு முழுப் பக்கத்தையும் எடுக்காமல், தேவையான பகுதியை மட்டும் வெட்டி, ஒரு தாளில் இரண்டு பக்கமாக எடுக்கலாம்.

திசையன்விளை ஜெராக்ஸ்

கடை நடத்துபவன் என்ற முறையில் லேசர் பற்றியும் தாள் பற்றியும் சொல்கிறேன். இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஹெச்பி 12ஏ டோனர் 2,000 பக்கம் தரும். புதிய ஒரிஜினல் 5,000 ரூபாய் என்றால் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். அதையே உள்ளூரில் 300 ரூபாய்க்குத் தூள் நிரப்பினால் 15 காசு. லேசர் சிக்கனமானது என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது இந்த ரீஃபில்லை வைத்துத்தான். ரீஃபில்லில் தூளின் தரம் மட்டமாக இருந்தால் பின்னணியில் சாம்பல் படரும், டிரம்மில் கோடு விழும். நிரப்புபவர் பழைய கழிவுத் தூளையும் வெளியேற்றுகிறாரா என்று நின்று பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மாடலின் கார்ட்ரிட்ஜில், அதைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப் இருக்கிறதா, ரீஃபில் செய்தால் பிரிண்டர் ஏற்குமா என்பதுதான். 2016 செப்டம்பர் 13 அன்று, ஹெச்பியின் சில ஆஃபீஸ்ஜெட் வகைகள் முன்கூட்டியே எழுதப்பட்ட மென்பொருளின்படி பிற நிறுவன கார்ட்ரிட்ஜ்களை உலகெங்கும் ஒரே நாளில் ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியபின் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அதை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்றவுடன் அதன்மேல் விற்றவருக்கு இருந்த காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அங்கே அப்படிச் சொன்னாலும், சிப் இருக்கும் இயந்திரம் நம் ஊரில் மறுத்தால் நமக்கு வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எதை நிரப்புவது என்பது வாங்கியவரின் உரிமை என்றே நான் நினைக்கிறேன். அதனால் ரீஃபில் ஆகும் மாடலைத்தான் எவருக்கும் சொல்வேன்.

கணக்கர் அண்ணாச்சி மையை எண்ணினார்; தாளை எண்ணவில்லை. 500 தாள் கொண்ட ரீம் 280 ரூபாய் என்றால் தாள் ஒன்றுக்கு 56 காசு. இங்க் டேங்கில் கறுப்பு மை 9 காசுதான் என்றால், செலவில் பெரும்பங்கு தாளுக்கே போகிறது. அதனால் இரண்டு பக்கமும் தானாக அச்சிடும் வசதி உள்ள பிரிண்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். முக்கூடல் பக்கமே சேஷசாயி காகித ஆலை இருக்கிறது, கரூர் புகழூரில் அரசின் டிஎன்பிஎல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நல்ல தாளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. இருபுறமும் அச்சிட 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாங்குங்கள். 70-இல் இங்க்ஜெட் மை மறுபக்கம் தெரியும்.

பொதிகையடி, அம்பாசமுத்திரம்

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். டீச்சர் சொன்னபடி, பெரிய வண்ணப் படங்களைப் பிள்ளைகளே வரைவார்கள் என்று முடிவு செய்தோம். அறிவியல் வரைபடம், நிலப்படம் என்று வாரத்துக்கு நான்கைந்து வண்ணப் பக்கம் மட்டும் எஞ்சும் என்று தோன்றுகிறது. இப்போது லேசருக்கும் இங்க் டேங்குக்கும் நடுவே ஒரே ஐயம்: எங்கள் வீட்டில் சிறிய இன்வெர்ட்டர் இருக்கிறது. மாலையில் மின்சாரம் போனால் அதில் லேசர் ஓடுமா?

பழுதுநீக்குநர், வண்ணார்பேட்டை

ஓட்ட வேண்டாம், அண்ணாச்சி. தூளைத் தாளில் உருக்கிப் பிடிக்க வைக்கும் ஃபியூசர் ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அது சூடாகும் நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டரும் கணினிக்கான யுபிஎஸ்ஸும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இங்க் டேங்க் அச்சிடும்போது இருபது வாட்டுக்குள்தான் எடுக்கும், இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். இரவில் அச்செடுக்க வேண்டிய வீடு, வாரந்தோறும் கொஞ்சம் வண்ணம், கையில் இன்வெர்ட்டர் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால், நிறமிக் கறுப்பும் மாற்றக்கூடிய ஹெட்டும் உள்ள இங்க் டேங்கே உங்களுக்குப் பொருந்தும்.

சமாதானபுரத்து ஆசிரியை, பாளையங்கோட்டை

இன்வெர்ட்டரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பழுதுநீக்குநர் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதை என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், ஜூன் மாதம் பழைய கதைதான் நடக்கும்.

பழுதுநீக்குநர், வண்ணார்பேட்டை

நியாயமான கேள்வி, டீச்சர். வீட்டில் யாராவது இருந்தால் வாரம் ஒரு நாசில் செக் எடுத்தால் போதும்; நான்கு வண்ணமும் அதில் ஓடிவிடும், மைச்செலவு மிகச் சொற்பம். ஒரு மாதம் பூட்டி வைப்பதென்றால், தொட்டிகளில் மை கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கும்படி பார்த்து, பொத்தானால் அணைத்து, துணியால் மூடி, வெயில் படாத அறையில் வையுங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே மை இறங்கினால் குழாயில் காற்று புகுந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் சாரல் காலத்தில் தாள் ஈரம் இழுக்கும். பிரித்த ரீமை அதன் உறையிலேயே சுற்றி வையுங்கள், தட்டில் முப்பது தாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் வரும் புழுதி ரோலரில் படிந்தால் தாள் வழுக்கும். சன்னலோரம் வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே அவசரப்பட்டு மை ஊற்ற வேண்டாம். முதல்முறை மை நிரப்பியதும் அது குழாய்கள் வழியாக ஹெட்டுக்கு ஏறக் கணிசமான நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் மின்சாரம் போனால் பாதி மை வீணாகி, மறுபடி முதலிலிருந்து உறிஞ்ச வேண்டிவரும். உங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு, அது இல்லாத ஒரு காலையில், சமமான மேசையில் வைத்து, இன்வெர்ட்டர் இணைப்பில் செருகித் தொடங்குங்கள். நாசில் செக் தாளில் நான்கு வண்ணக் கட்டமும் முறிவில்லாமல் வந்தால், அந்தத் தாளையே பில்லோடு சேர்த்து வாரண்டிக்காக எடுத்து வையுங்கள். வாரண்டி ஓராண்டு என்று போட்டிருந்தாலும் பக்க எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு இருக்கும். எது முந்துகிறதோ அதோடு முடிந்துவிடும் என்பதைப் பில் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.